ஒரு படி எடுத்து வையுங்கள்: பழைய வலைப்பதிவர்களுக்கு ஒரு திறந்த மடல்

2003 முதல் 2012 வரை தமிழில் வலைப்பதிவு எழுதிய அனைவருக்கும்,

 

என்னை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. உங்கள் பதிவு தமிழ்மணம் திரட்டியில் தலைகாட்டிய மறுநிமிடம் ஓடிவந்து ‘உள்ளேன் ஐயா’ என்று பின்னூட்டம் போட்டு இடம்பிடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அனானியாக வந்து வம்பு வளர்த்ததும் உண்டு; இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் நட்டமில்லை. எனக்கும் ஒரு வலைப்பதிவு இருந்தது. அதன் பக்கப்பட்டியில் உங்கள் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். சென்ற வாரம் அந்தப் பட்டியை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை.

அப்படிச் சொடுக்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. நம் பதிவர் சந்திப்புகளுக்குத் தவறாமல் வருவாரே ஒரு பெரியவர், எல்லோரும் ‘சார்’ என்றே கூப்பிடுவோமே, அவருடைய மனைவி பேசினார். சார் வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஓய்வு பெற்ற பிறகு தட்டச்சு பழகி, கேஸ், ஸ்டிக், டிரெடில் என்று தான் புழங்கிய உலகத்தைப் பற்றி ஐந்தாறு வருடம் எழுதினார். சொந்தமாக இணைய முகவரி வாங்கி எழுதியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

“அவர் எழுதினதைப் பேத்திக்குக் காட்டலாம்னு போட்டேன் தம்பி. ரம்மி ஆட வாங்கன்னு விளம்பரம் வருது. அவர் எழுதினதெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டார்.

இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடிப் பார்த்தேன். அவருடைய முகப்புப் பக்கம் சில தேதிகளில் பதிவாகியிருக்கிறது. கேஸில் எந்த அறையில் எந்த எழுத்து இருக்கும், கை ஏன் கண்ணை நம்பாமல் தானே போகும் என்று எழுதிய பதிவின் முதல் நான்கு வரி தெரிகிறது. அதற்குக் கீழே ‘மேலும் வாசிக்க’. சொடுக்கினால் உள்ளே ஒன்றுமில்லை.

இதைத் தனியொரு வீட்டின் துக்கமாகச் சொல்லவில்லை. கடந்த இரண்டு மூன்று வருடத்துச் செய்திகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் நம் எல்லோருடைய வீட்டுக் கூரையும் ஒழுகுவது தெரியும்.

நீளமான முகவரியைச் சுருக்கித் தரும் சேவை ஒன்றை 2009 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. அந்தச் சுருக்கங்களை நாமும் கணக்கில்லாமல் பயன்படுத்தினோம். 2024 ஜூலையில், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25க்குப் பிறகு அவை எதுவும் வேலை செய்யாது என்று அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்: 2024இன் பிற்பகுதியில் யாராவது தொட்ட சுருக்கம் பிழைக்கும், யாரும் தொடாதது போகும்.

அதே 2025 ஆகஸ்டின் இறுதியில் டைப்பேட் நிறுவனம் கடையைக் கட்டப்போவதாகச் சொன்னது. 2003இல் தொடங்கிய, காசு கொடுத்து எழுதும் வலைப்பதிவுச் சேவை அது. செப்டம்பர் 30ஆம் தேதி மூடிவிட்டார்கள். 22 ஆண்டு எழுத்துக்கு ஒரு மாத அவகாசம். காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்கூட இதைவிடக் கூடுதலாகத் தருவார். ‘இலவசத்தில் எழுதினால் இப்படித்தான், காசு கொடுத்திருந்தால் நிலைத்திருக்கும்’ என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஃபேஸ்புக் இன்னொரு முடிவை அறிவித்தது. நேரலைக் காணொளிகள் இனி 30 நாள் மட்டுமே இருக்கும், பழையவற்றை இறக்கிக்கொள்ள 90 நாள் தருவோம், பிறகு அழித்துவிடுவோம். 2020 ஊரடங்கில் நம்மவர்கள் நடத்திய இலக்கியக் கூட்டங்களையும் நூல் அறிமுகங்களையும் நினைத்துப் பாருங்கள். சென்னையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர் என்று உட்கார்ந்து பேசியதில் எத்தனை அந்த நேரலைகளில் இருந்தன? 90 நாளுக்குள் எத்தனை பேர் இறக்கி வைத்தார்கள்?

பியூ ஆய்வு மையம் 2024 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் எட்டாமல் போய்விட்டன. ஆங்கில விக்கிப்பீடியாவின் பக்கங்களில் 54 விழுக்காட்டில், சான்றாகக் காட்டிய இணைப்புகளில் ஒன்றாவது செத்துக் கிடக்கிறது. பணமும் ஆளும் மிகுந்த மொழிக்கே இந்தக் கதி.

இந்தச் செய்திகளில் என்னை உறுத்துவது நிறுவனங்களின் மூடலைவிட அவற்றின் அளவுகோல். ‘யாரும் தொடவில்லை, எனவே தேவையில்லை.’ கணக்குப் பிள்ளைக்கு இது நியாயமாகவே தோன்றும். மின்சாரமும் வட்டும் சும்மா வருவதில்லை. ஆனால் இந்த அளவுகோலை ஏற்றுக்கொள்ளக் கடைசி ஆளாக இருக்க வேண்டியவன் தமிழன். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்கும்வரை சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையரே படித்ததில்லை. தமிழை ஊன்றிப் படித்த ஒருவர் தொடாத நூல் அது. ‘ஆறு மாதமாக யாரும் சொடுக்கவில்லை’ என்ற விதி அன்று இருந்திருந்தால், 1887இல் சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேற வழியே இருந்திருக்காது.

ஒரு சங்கதியை மறந்துவிடுகிறோம். ஓலை நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் செல்லுக்கும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. உ.வே.சா. ஊர் ஊராகப் போய்த் தேடிய சுவடிகள், சங்கப் புலவர்கள் காலத்து ஓலைகளாக இருக்க வழியில்லை; படியின் படியின் படி. யாரோ ஒரு மடத்துத் தம்பிரான், யாரோ ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியார், பொருள் புரிந்தோ புரியாமலோ, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தார். அந்தக் கை ஒரு தலைமுறை ஓய்ந்த இடத்தில் நூல் அறுந்தது. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பு நமக்குப் புதிதல்ல. எண் மட்டும்தான் மாறியிருக்கிறது.

நாம் ஏற்கெனவே இழந்தவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். வலைப்பதிவுக்கு முன் யாகூ குழுமங்கள். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று நாம் சண்டை பிடித்தும் கவிதை எழுதியும் வளர்ந்த முற்றங்கள். 2019 இறுதியில் பழைய மடல்களை அழிக்கப்போவதாக யாகூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15இல் குழுமச் சேவையையே மூடியது. யாரோ சிலர் இறக்கி வைத்த கோப்புகளைத் தவிர மிச்சமில்லை. தேன்கூடு என்று ஒரு திரட்டி இருந்தது, இன்று இல்லை.

தமிழுக்கு இன்னொரு தனிக் கேடும் உண்டு. பக்கம் பிழைத்திருந்தாலும் எழுத்து பிழைத்திருக்காது. ஒருங்குறி பரவும் முன், திஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள், அதற்கு மேல் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு என்று ஆளுக்கொரு சமையல் செய்தோம். அந்தக் காலத்துப் பக்கங்கள் ஆவணக் கிடங்கில் இருந்தாலும், இன்றைய உலாவியில் மேலே கொம்பும் கீழே வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. எழுத்துரு மாற்றியில் போட்டுப் பிரிக்கத் தெரிந்த தலைமுறை நாம்தான். நமக்குப் பின் வருகிறவர்களுக்கு அது தமிழ் என்பதே தெரியாது.

இந்த இடத்தில் உங்களில் பலர் கையை உதறுவது எனக்குக் கேட்கிறது. ‘அட போய்யா. நான் எழுதினது மொக்கை. சினிமா விமர்சனம், ரயில் பயணம், மனைவி சமையல், நாலு பேரைக் கிண்டல். புறநானூற்றோடு இதை ஏன் கட்டுகிறாய்?’

கட்டவில்லை. ஆனந்தரங்கம் பிள்ளையோடு கட்டுகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பெனியின் துபாஷாக இருந்தவர், 1736 முதல் 1761இல் சாகும்வரை தினமும் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு வந்தது, யார் யாரோடு மனத்தாங்கல், ஆளுநர் வீட்டில் என்ன பேச்சு. இலக்கியம் படைப்பதாக அவர் நினைத்திருக்க மாட்டார். அவர் போய்ச் சுமார் 85 வருடம் கழித்து, 1846இல், கல்வா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கட்டுகளைக் கண்டெடுத்துப் படி எடுக்க வைத்தார். இன்று 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எந்த வரலாற்றாசிரியரும் பிள்ளையின் வாசலை மிதிக்காமல் போக முடியாது.

நீங்கள் எழுதியவையும் அந்த வகைதான். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்ததை, செய்தித்தாள் நடைக்கு வெளியே, தெருவில் நின்றபடி எழுதியவர்கள் உங்களில் இருந்தீர்கள். 2009 மே மாதம் வன்னியிலிருந்து செய்தி வராத இரவுகளில் ஈழத்துப் பதிவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் எழுதியதை நான் வாசித்திருக்கிறேன். அதன் கீழே நடந்த சண்டைகளையும் வாசித்திருக்கிறேன். நாளை அந்த மாதத்தின் வரலாற்றை எழுதுகிறவனுக்கு அரசு அறிக்கைகள் கிடைக்கும், இயக்க அறிக்கைகள் கிடைக்கும். சாதாரணத் தமிழன் அன்று என்ன நினைத்தான், எதை நம்ப மறுத்தான் என்பது உங்கள் பதிவுகளில்தான் இருக்கிறது. பதிவைவிடப் பின்னூட்டத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

வலைப்பதிவு, திரட்டி, பின்னூட்டம், சுட்டி, இடுகை என்று நாம் சொல் தேடி அடித்துக்கொண்ட நாட்களும் அங்கேதான் கிடக்கின்றன. ‘பதிவு’ வேறு, ‘இடுகை’ வேறு என்று விடிய விடிய நடந்த வழக்கு இன்று சிரிப்பாக இருக்கலாம். ஒரு மொழி புதிய பொருளுக்குப் பெயர் வைத்த சாட்சியம் அது. அகராதியில் முடிவு மட்டும்தான் ஏறும், வழக்கு ஏறாது.

‘எல்லாம் ஆர்க்கைவில் இருக்குமே’ என்பது அடுத்த நம்பிக்கை. புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. 2025 அக்டோபரில் அவர்களிடம் சேர்ந்த பக்கங்கள் ஒரு லட்சம் கோடியைத் தொட்டன. ஆனால் அதுவும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருந்துகொண்டு நன்கொடையில் பிழைக்கும் நிறுவனம்தான். பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை இரவலிலிருந்து எடுக்க நேர்ந்தது. அடுத்த மாதமே தாக்குதலுக்கு உள்ளாகி, 3 கோடியே 10 லட்சம் பயனர்களின் விவரம் களவு போய், தளமே பல நாள் முடங்கியது.

இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பசி வேறு. கண்ட பக்கத்தையெல்லாம் அவை அள்ளிக்கொண்டு போவதால் தளங்கள் கதவைச் சாத்துகின்றன. 2025 ஆகஸ்டில் ரெட்டிட், தன் பக்கங்களில் பெரும்பாலானவற்றை வேபேக் மெஷின் படியெடுக்கக் கூடாது என்று தடுத்தது. ஆர்க்கைவ் வழியாக அந்த நிறுவனங்கள் சுரண்டுகின்றன என்பது அது சொன்ன காரணம். திருடனுக்குப் பயந்து நூலகரையும் வாசலில் நிறுத்தியாயிற்று. உங்கள் எழுத்தும் ஏதோவொரு எந்திரத்தின் வயிற்றில் ஏற்கெனவே கரைந்திருக்கலாம். அதை ‘பாதுகாப்பு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்பு கடலில் இருக்கிறது என்பதற்காக வீட்டு ஜாடியைக் கவிழ்க்க முடியுமா?

ஆகவே, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடிகிற வேலை.

முதலில் கடவுச்சொல். இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறைப்படுத்துகிறது. பிளாகரில் எழுதியவர்களின் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அன்று கொடுத்த பழைய மின்னஞ்சல், மாற்றிவிட்ட கைபேசி எண் எல்லாம் தடையாக நிற்கும். இன்று போராடினால் மீட்கலாம். நாளை முடியாமல் போகலாம்.

அடுத்தது பதிவிறக்கம். பிளாகரின் அமைப்புகளில் உள்ளடக்கத்தைக் காப்பெடுக்கும் வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி. இரண்டும் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரும். பெரும்பாலும் ஒரு கைபேசிப் படத்தின் அளவுகூட இருக்காது. அதில் ஒளிப்படங்கள் வராது என்பதை மறக்காதீர்கள். படங்களைத் தனியாக இறக்க வேண்டும். நான் அந்தத் தவறைச் செய்தேன். வேறொரு தளத்தில் ஏற்றி வைத்த என் படங்கள், அந்தத் தளம் மூடப்பட்ட அன்றே போயின. ‘கீழே உள்ள படத்தைப் பாருங்கள்’ என்று என் பதிவு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கீழே வெறும் கட்டம்.

மூன்றாவது, படியைப் பரப்புவது. ஒரு படி உங்கள் கணினியில், ஒன்று பிள்ளைகளிடம், ஒன்று நம்பகமான நண்பரிடம். முக்கியமான பதிவுகளின் முகவரிகளை வேபேக் மெஷினில் நீங்களே கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம். தமிழ் நூல்களை மின்வடிவாக்க 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் கைகளாலேயே வளர்ந்தது. ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் ‘நூலகம்’ தளம் இருக்கிறது. வலைப்பதிவுகளைத் தொகுத்து, எழுதியவர் ஒப்புதலோடு படைப்பாக்கப் பொதும உரிமத்தில் மின்னூலாக்கும் வேலையை 2013 முதல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் செய்து வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் ஒப்புதல்தான். ‘என் பெயரோடு யாரும் படியெடுக்கலாம்’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வரி இல்லாததால்தான், படியெடுக்க ஆசைப்படுகிறவர்களும் சட்டத்துக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள்.

நான்காவது கொஞ்சம் சங்கடமானது. நமக்கு வயதாகிறது. ஒரு கணக்கு குறிப்பிட்ட மாதங்கள் அசையாமல் கிடந்தால் நாம் காட்டும் ஆளுக்கு அதன் தரவைக் கொடுக்கும் ஏற்பாடு கூகுளில் 2013 முதலே இருக்கிறது. அதை நிரப்புங்கள். சொந்த முகவரி வைத்திருப்பவர்கள், எங்கே எப்போது எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நகைச்சீட்டு இருக்கும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

எழுதியதை அழிக்க விரும்புகிறவர்களுக்கு என்னிடம் வாதம் இல்லை. இருபத்து மூன்று வயதில் எழுதியது நாற்பத்தைந்தில் கூசலாம். பெயர் தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்கள் அழிப்பது அவர்கள் உரிமை. நான் கேட்பதெல்லாம், அழிவதானால் அது உங்கள் கையால் நடக்கட்டும் என்பதுதான்.

சாருடைய கதையை முடித்துவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். பீரோவில் துணிக்கு அடியில் ஒரு கோப்பு கிடைத்ததாம். சார் தனக்குப் பிடித்த பதினொரு பதிவுகளைத் தாளில் அச்சிட்டு, தேதி போட்டு, பிழை திருத்தி வைத்திருக்கிறார். அச்சகத்துக்காரர் அல்லவா, திரையை அவர் முழுக்க நம்பவில்லை. ‘மேலும் வாசிக்க’ என்பதற்குப் பின்னால் மறைந்து போன அந்தப் பதிவும் அதில் இருக்கிறது. மீதி நூற்றுக்கும் மேல் போனது போனதுதான். பதினொன்றையும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

அவருக்கு மேலே சொன்ன நான்கையும் உயிரோடு இருந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. அந்தக் கடனைத்தான் உங்களிடம் தீர்க்கப் பார்க்கிறேன். இந்த மடலை வாசித்து முடித்ததும் விருப்பக்குறி போடுவதோ பகிர்வதோ வேண்டாம். பழைய கடவுச்சொல்லைத் தேடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பின்னூட்டக்காரன்